இறைச்சி நிறைய, கல்சியம் இல்லை: வீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த ஒரு பொமரேனியன் குட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

குட்டி பொமரேனியன், ஆண், வயது நாலரை மாதம், எடை 1.6 கிலோ. பத்து நாளாக இடது பின்னங்காலை ஊன்றாமல் நடக்கிறது. தூக்கினால் கத்துகிறது. முன்பு தானாகப் பாய்ந்து ஏறிய கதிரையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு நாளாக மலம் கழிக்க முக்குகிறது. விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை என்று வீட்டார் உறுதியாகச் சொல்கிறார்கள். பசி நன்றாக உண்டு, உரோமம் பளபளக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாக வளர்க்கப்பட்ட குட்டி.

யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சாப்பாட்டில் வளரும் சின்ன இன நாய்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் வரலாறுகளை ஒரே குட்டியில் வைத்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. எடைகளும் அளவுகளும் கணக்குப் பார்க்க இலகுவாக எடுக்கப்பட்டவை. கணக்கு முறை எந்தச் சின்ன நாய்க்கும் பொருந்தும்.

சாப்பாட்டு வரலாறு

நொண்டலோடு வரும் குட்டியில் முதலில் காலைத்தான் பார்க்கத் தோன்றும். இந்த வயதில், அடிபட்ட வரலாறு இல்லையென்றால், முதலில் கேட்க வேண்டியது சாப்பாட்டை. “சோறும் கோழியும்” என்ற பதில் ஒன்றுக்கும் உதவாது. வழக்கமாகப் போடும் கோப்பையில் வழக்கமாகப் போடுகிற அளவை அப்படியே போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுக்கச் சொல்ல வேண்டும். இங்கே அப்படி நிறுத்தபோது ஒரு நாளைக்கு வந்தது: வெள்ளைப் பச்சையரிசிச் சோறு 60 கிராம், எலும்பும் தோலும் நீக்கி அவித்த கோழி நெஞ்சுச் சதை 60 கிராம், அவித்த கோழி ஈரல் 25 கிராம். நாலு நேரமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அது சரியான பழக்கம். இந்த எடைக் குட்டிகளுக்கு நேரம் தவறினால் இரத்தச் சீனி சட்டென்று இறங்கும்.

வாங்கி வந்தபோது பசும்பாலும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது கிழமையில் வயிற்றோட்டம் வந்ததால் பாலை நிறுத்தினார்கள். நிறுத்தியதில் பிழையில்லை, பல குட்டிகளுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டில் கல்சியம் இருந்த ஒரே பொருள் அதுதான். அதை எடுத்தபின் அந்த இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை.

இப்போது கணக்கு. அந்த மூன்று பொருளும் சேர்ந்து ஏறத்தாழ 220 கிலோகலோரி தரும். 1.6 கிலோக் குட்டியின் ஓய்வுநிலைச் சக்தித் தேவை 100 கிலோகலோரி. சூத்திரம் இது: எடையின் 0.75 அடுக்கை 70 ஆல் பெருக்க வேண்டும். நாலு மாதம் தாண்டிய குட்டிக்கு அதைப்போல் இரண்டு மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வேண்டும். ஆகவே 220 சரியான அளவு. புரதம் ஏறத்தாழ 26 கிராம், வளரும் நாய்க்கான குறைந்தபட்சத் தேவையைப்போல் இரண்டு மடங்கு. பொஸ்பரஸ் 265 மில்லிகிராம். கல்சியம் 18 மில்லிகிராம்.

வளரும் நாய்க்கு 1,000 கிலோகலோரிக்குக் குறைந்தது 3 கிராம் கல்சியம் வேண்டும். 220 கிலோகலோரிக்கு அது 660 மில்லிகிராம். குட்டிக்குக் கிடைத்தது அதில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. கல்சியமும் பொஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்று வரையான விகிதத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒரு பங்கு கல்சியத்துக்குப் பதினைந்து பங்கு பொஸ்பரஸ் இருக்கிறது.

“இறைச்சிதானே குடுக்கிறம், பிறகென்ன சத்துக் குறை?” என்று வீட்டின் அம்மம்மா கேட்டது நியாயமான கேள்வி. காட்டு விலங்கு இறைச்சியை மட்டும் தின்பதில்லை, இரையின் எலும்பையும் சேர்த்தே தின்கிறது. எலும்பு நீக்கிய சதையில் 100 கிராமுக்குக் கல்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான், பொஸ்பரஸோ 200க்கு மேல். ஈரலில் பொஸ்பரஸ் இன்னும் கூட. “குட்டி மெலிவாக இருக்கிறது” என்று இறைச்சியைக் கூட்டக் கூட்ட இந்த ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே போகும். அக்கறையாகப் பார்க்கும் வீடுகளில்தான் எலும்பு மெலியும் இந்த நோய் அதிகம் வருகிறது என்பது மனதை வருத்தும் விஷயம். மீன் தலையும் முள்ளும் தின்று வளரும் ஊர்நாய்க் குட்டிக்கு இது வருவது அரிது.

வைத்தியரிடம் வருமுன் வீட்டில் செய்தவை

நொண்டல் தொடங்கியதும் காலை வெயிலில் விறாந்தைப் படியில் குட்டியைப் படுக்க விட்டிருக்கிறார்கள். மனிதனின் தோல் வெயிலில் விற்றமின் டி உண்டாக்கும். நாயின் தோல் தேவைக்குப் போதிய அளவு உண்டாக்காது. அதற்கு வேண்டிய மூலப்பொருளை நாயின் தோலில் உள்ள நொதியம் கொலஸ்ரரோலாக மாற்றிவிடுகிறது. யாழ்ப்பாணத்து வெயில் முழுவதையும் வாங்கினாலும் நாய்க்கு விற்றமின் டி சாப்பாட்டில்தான் வர வேண்டும். சோறு, கோழி நெஞ்சு இரண்டிலும் அது இல்லையென்றே சொல்லலாம்.

அடுத்தது எலும்புச் சூப். ஆட்டெலும்பை இரண்டு மணித்தியாலம் கொதிக்கவைத்து வடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மணமும் உப்பும் கொழுப்பும் தண்ணீரில் இறங்கும். எலும்பில் உள்ள கல்சியம் எலும்பிலேயே இருந்துவிடும், சூப்பில் வருவது சொற்பம்.

மூன்றாவது, கிணற்றுத் தண்ணீர். “எங்கட தண்ணியில சுண்ணாம்பு இருக்குத்தானே” என்பது குடாநாட்டில் அடிக்கடி கேட்கும் வாதம். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர் கடினமானதுதான், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடினத்தன்மை லீற்றருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்து, அது முழுவதும் கல்சியம் காபனேற்று என்றே எடுத்துக்கொண்டாலும், அதில் கல்சியம் 160 மில்லிகிராம். குட்டி ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றர் குடித்தால் கிடைப்பது 24 மில்லிகிராம். வேண்டியது 660.

நாலாவது உண்மையிலேயே ஆபத்தானது. முறிவு நெறிவுக்குப் பூசும் எண்ணெயைத் தடவிக் காலை உருவியிருக்கிறார்கள். பச்சைக் குச்சியைப்போல் வளைந்து பாதி முறிந்திருக்கும் எலும்பை உருவினால் முழுதாக முறியும். தடவிய எண்ணெயை நாய் நக்கியும் விடும். மனிதருக்கான நோக் குளிசைகளையும் கொடுக்கக் கூடாது. இபுபுரோபன், டைக்குளோபெனக் இரண்டும் சின்ன நாய்க்கு இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். 1.6 கிலோ உடம்புக்குக் குளிசையின் சிறு துண்டுகூடப் பெரிய அளவு.

பரிசோதனை

குட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே ஏந்தித்தான் மேசையில் வைக்க வேண்டும். கக்கத்தில் பிடித்துத் தூக்கினால் விலா வளையும். இடது தொடையில் கை பட்டதும் கத்தியது. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியை மெல்ல அழுத்தியபோதும் நோ. தாடை உறுதியாக இருந்தது. முற்றிய நிலையில் தாடை ரப்பர்போல் வளையும், பல் ஆடும். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை.

எக்ஸ்ரேயில் நாலு விஷயம் தெரிந்தது. எலும்புகளின் நிழல் சுற்றியிருந்த சதையின் நிழலைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பாக இருந்தது. தொடை எலும்பின் வெளிச்சுவர் பென்சிலால் கீறிய கோடுபோல் மெலிந்திருந்தது. இடது தொடை எலும்பின் நடுவில் மடிப்பு முறிவு இருந்தது, எலும்பு இரண்டாகவில்லை, காகிதக் குழாய் மடிந்ததுபோல் மடிந்திருந்தது. இடுப்பு வளையம் இரு பக்கத்தாலும் உள்ளே சரிந்து ஒடுங்கியிருந்தது. மலம் கழிக்க முக்கியதற்குக் காரணம் அந்த ஒடுக்கம். அதை மலச்சிக்கல் என்று எண்ணி வயிறிளகும் மருந்து மட்டும் கொடுத்திருந்தால் நோய் மறைந்தே இருந்திருக்கும்.

எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகளின் அகலம் இயல்பாக இருந்தது. இது முக்கியம். விற்றமின் டி குறைவால் வரும் என்புருக்கியில் (ரிக்கெற்ஸ்) அந்தத் தட்டுகள் அகன்று கிண்ணம்போல் குழியும். யூரியாவும் கிரியற்றினினும் இயல்பாக இருந்ததால் சிறுநீரக நோயால் வந்த எலும்பு மெலிவு அல்ல என்றும் ஆயிற்று.

இரத்தக் கல்சியம் 100 மில்லிலீற்றருக்கு 9.6 மில்லிகிராம், இயல்பு. இந்த எண்ணைப் பார்த்து “கல்சியம் சரியாகத்தான் இருக்கிறது” என்று ஆறுதல் அடைவது இந்த நோயில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. இரத்தத்தில் கல்சியம் குறையத் தொடங்கியதும் பராதைரொயிட் சுரப்பிகள் கூடுதலாகச் சுரந்து எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கல்சியத்தைக் கொண்டுவரும். இதயமும் நரம்பும் தசையும் இயங்க அந்த அளவு குலையக் கூடாது. ஆகவே இரத்தம் இயல்பாக இருக்கும், எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் பொஸ்பரஸ் கூடினால் இந்தச் சுரப்பு இன்னும் தூண்டப்படும்.

முடிவு: உணவுக் குறையால் வந்த இரண்டாம்நிலைப் பராதைரொயிட் மிகைச்சுரப்பு. சாப்பாட்டுக் கணக்கு, எக்ஸ்ரே, இயல்பான சிறுநீரக அளவுகள் ஆகிய மூன்றையும் வைத்து எடுத்த முடிவு. சாப்பாட்டை மாற்றியபின் குட்டி தேறுவதே கடைசி உறுதிப்பாடு.

முதல் எட்டுக் கிழமை

சத்திரசிகிச்சை செய்யவில்லை. காலியான எலும்பில் ஆணியோ தகடோ பிடிக்காது. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கூட்டில் சாக்கு விரித்து, மேலே பழைய பருத்திச் சீலையை மடித்துப் போட்டு, ஆறு கிழமை அடைத்து வைக்கச் சொல்லப்பட்டது. மலசலத்துக்குக் கையில் ஏந்திக் கொண்டுபோய் மண் தரையில் விட வேண்டும். மாபிள் தரை கூடவே கூடாது, வழுக்கிக் கால் விரிந்தால் அடுத்த முறிவு. நோவுக்கு மருந்து வைத்தியர் அளந்து கொடுத்தது மட்டும். நோக் குறைந்ததும் குட்டி ஓட ஆசைப்படும், எலும்போ இன்னும் தேறியிருக்காது. இரண்டாவது, மூன்றாவது கிழமைகளில்தான் கூடு மிகவும் தேவைப்படுகிறது. அந்த நேரத்தில்தான் வீட்டார் இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் ஒரு கடினமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. வளரும் குட்டிக்கு வீட்டிலேயே முழுச் சமநிலை உணவு சமைப்பது மிகக் கடினம். பிழை விட இடமே இல்லை, விட்ட பிழை எலும்பில் பதிந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதி உலர் உணவின் விலை ஏறியது உண்மைதான். ஆனால் இந்த எடைக் குட்டிக்கு வேண்டியது மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கூட. எலும்பு தேறும்வரை அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. வீட்டுச் சாப்பாடு வேண்டுமானால் வளர்ச்சி முடிந்தபின் தொடங்கலாம்.

ஒரு நாளுக்கு: ‘குட்டிகளுக்கான முழுமையான உணவு’ என்று பையில் எழுதப்பட்ட உலர் உணவு 54 கிராம், ஏறத்தாழ 200 கிலோகலோரி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிசைந்து கொடுப்பது. அதோடு வாய்க்கு ருசியாக அவித்த கோழி 12 கிராம், 20 கிலோகலோரி. வீட்டுச் சாப்பாடு மொத்தக் கலோரியில் பத்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உலர் உணவின் கல்சியம் ஐதாகிவிடும். நூற்றுக்கு 1.2 பங்கு கல்சியம் உள்ள உலர் உணவில் 54 கிராமுக்கு ஏறத்தாழ 650 மில்லிகிராம் கிடைக்கிறது, அது போதும். வேறு கல்சியம் வேண்டியதில்லை. பழைய சாப்பாட்டிலிருந்து ஐந்து நாளில் படிப்படியாக மாற்றி, பிறகு கிழமைக்கு ஒருமுறை எடை பார்த்து அளவு கூட்டப்பட்டது.

இரண்டாம் கிழமையில் ஒரு தவறு நடந்தது. எலும்பு கெதியாகத் தேறட்டும் என்று முட்டைக் கோதுத் தூளை ஒரு தேக்கரண்டி வீதம் ஒவ்வொரு நாளும் சேர்த்திருக்கிறார்கள். மலம் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளிறி இறுகியதில் இது தெரியவந்தது. ஒரு மட்டத் தேக்கரண்டியில் கல்சியம் ஏறத்தாழ 1,900 மில்லிகிராம். உலர் உணவில் இருப்பதோடு சேர்த்தால் 1,000 கிலோகலோரிக்கு 11 கிராமுக்கு மேல். வளரும் நாய்க்கான மேல் எல்லை 6.25 கிராம். மிகையான கல்சியம் துத்தநாகம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், தோலில் பொருக்கு வரும். ஏற்கெனவே ஒடுங்கிய இடுப்புள்ள குட்டியில் இறுகிய மலம் அதைவிடப் பெரிய தொல்லை. தூளை நிறுத்தியதும் மலம் மூன்று நாளில் சரியாயிற்று.

குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘300 மில்லிகிராம் கல்சியம் லக்ரேற்’ என்று எழுதிய குளிசையில் 300 மில்லிகிராம் கல்சியம் இல்லை. கல்சியம் லக்ரேற்றில் நூற்றுக்கு 13 பங்குதான் கல்சியம், அதாவது 39 மில்லிகிராம். குளுக்கோனேற்றில் 9 பங்கு. காபனேற்றில் 40 பங்கு. மனிதருக்கான கல்சியக் குளிசை பலவற்றில் விற்றமின் டி சேர்ந்திருக்கும். 220 கிலோகலோரி தின்னும் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 28 சர்வதேச அலகு (IU) விற்றமின் டி போதும், மேல் எல்லை 165 அலகு. 250 அலகு உள்ள ஒரு குளிசையே எல்லையைத் தாண்டிவிடும். மீனெண்ணெயும் அப்படித்தான். கொட் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் 400 அலகுக்கு மேல் இருக்கும், விற்றமின் ஏயும் மிகையாக இருக்கும். செல்லப்பிராணிக் கல்சியச் சிரப்புகள் பலவற்றில் பொஸ்பரஸும் கலந்திருக்கிறது. பொஸ்பரஸ் கூடியதால் வந்த நோய்க்கு அது மருந்தாகாது.

வளர்ந்தபின் வீட்டுச் சாப்பாடு

பத்து மாதத்தில் எடை 2.6 கிலோவில் நிலைத்தது, எக்ஸ்ரேயில் எலும்பும் இயல்பாக இருந்தது. கருத்தடை செய்த நாய் என்பதால் ஓய்வுநிலைத் தேவை 143 ஐ 1.6 ஆல் பெருக்கி, நாளுக்கு 230 கிலோகலோரி என்று வைக்கப்பட்டது. அதற்கு ஒரு கிழமைச் சமையல் இது. நிறைகள் எல்லாம் பச்சை நிறை.

வெள்ளை அரிசி 180 கிராம். எலும்பும் தோலும் நீக்கிய கோழித் தொடைச் சதை 420 கிராம். கோழி ஈரல் 60 கிராம், அதற்குமேல் வேண்டாம். தலையும் குடலும் நீக்கிய சூடை மீன் 90 கிராம். பூசணி 140 கிராம். நல்லெண்ணெய் மூன்று தேக்கரண்டி. முட்டைக் கோதுத் தூள் 5 கிராம்.

சூடையைப் பாசையூரிலோ குருநகரிலோ காலையில் வாங்கினால் அன்றே சமைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்து, முள் இரண்டு விரலுக்கிடையில் மாவாக நசியும்வரை வேகவிட வேண்டும். சின்னச் சூடைக்கு 25 நிமிடம் அளவில் ஆகும். நசியாத முள் ஒன்று இருந்தாலும் திரும்ப வைக்க வேண்டும். சூடை விற்றமின் டி தருகிறது, கடல்மீனின் நல்ல கொழுப்பும் தருகிறது. இந்த இன மீனைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் அதில் உண்டு, வெந்தால் அது போய்விடும். கருவாடு வேண்டாம், உப்பு.

கோழியையும் ஈரலையும் உப்பு, தூள், வெங்காயம் எதுவுமில்லாமல் அவிக்க வேண்டும். அவித்த தண்ணீரிலேயே அரிசியைக் குழைய வடிக்காமல் சமைத்தால் நீரில் இறங்கிய சத்து வீணாகாது. சதையை இந்த வாய்க்குத் தகுந்தபடி பட்டாணி அளவுக்கு வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் நாய் சதையை மட்டும் பொறுக்கிவிட்டுச் சோற்றை மிச்சம் விடும், அப்போது கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். எல்லாம் ஆறியபின் எண்ணெயையும் கோதுத் தூளையும் விட்டுப் பிசைய வேண்டும். தேங்காயெண்ணெய் ஏன் இல்லை என்று கேட்பார்கள். நாய்க்கு அவசியமான லினோலெயிக் அமிலம் அதில் மிகக் குறைவு, நல்லெண்ணெயில் நிறைய.

கோதுத் தூள்தான் இந்தச் சமையலின் நடு நரம்பு. கோதைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கிரைண்டரில் அரைத்துச் சல்லடையில் அரிக்க வேண்டும். விரலில் தேய்த்தால் முகப்பவுடர்போல் இருக்க வேண்டும். மணல்போல் நெருநெருத்தால் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போகும். ஒரு கோழிமுட்டைக் கோது ஏறத்தாழ 5 கிராம், ஆகவே கிழமைக்கு ஒரு கோது. கல்சியம் நாளுக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம், மற்றப் பொருட்களோடு சேர்த்து 290. வளர்ந்த நாய்க்கு 1,000 கிலோகலோரிக்கு 1.25 கிராம் என்ற அளவு இதில் நிறைகிறது. சூடை முள்ளில் உள்ளதைக் கணக்கில் எடுக்கவில்லை, அது மேலதிகம். கரண்டியை நம்பாமல் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குவது நல்லது.

பிசைந்த மொத்தத்தையும் நிறுத்து ஏழால் பிரித்தால் ஒரு நாள் பங்கு. அதைக் காலை, மாலை என இரண்டாக்கலாம். மூன்று நாள் பங்கை பிரிஜ்ஜில் வைத்து மிச்சத்தை உறையவைக்க வேண்டும். நம்மூர் வெக்கையில் கோப்பையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த சோற்றை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் இது முழுமையான உணவாகிவிடாது. துத்தநாகம் நாளுக்கு 4.6 மில்லிகிராம் வேண்டும், இந்தச் சமையலில் ஏறத்தாழ 2 தான் வருகிறது. அயடின், விற்றமின் ஈ இரண்டும் குறைவு. பூசணியைக் கூட்டியோ கீரை சேர்த்தோ இதை நிரப்ப முடியாது. வீட்டுச் சமையலைச் சமப்படுத்தவென்றே செய்யப்பட்ட நாய்களுக்கான விற்றமின்-கனியுப்புத் தூளை மிருக வைத்தியரிடம் கேட்டு, எடைக்கேற்ற அளவில் சேர்க்க வேண்டும். அந்தத் தூளில் கல்சியமும் இருந்தால் கோதுத் தூளை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். சேர்க்காவிட்டால் குறை உடனே தெரியாது. மாதக்கணக்கில் கழித்துத் தோலில், உரோமத்தில், அடிக்கடி வரும் தொற்றில் தெரியும்.

விரத நாட்கள், பிஸ்கற், குழம்பு

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை, பிரிஜ்ஜில் வைக்கவும் விரும்புவதில்லை. அந்த நாட்களில் நாய்க்குச் சோறும் பருப்பும் பாலும்தான். வெள்ளி, செவ்வாய் என்று ஒருநாள் விட்டால் வளர்ந்த நாய்க்கு ஒன்றும் ஆகாது. 25 நாள் தொடர்வது வேறு கதை, குட்டிக்கு அது மிக நீண்ட காலம். வீட்டின் ஆசாரத்தைக் குலைக்காத வழி, கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே உலர் உணவுக்குப் படிப்படியாக மாற்றி, பையை விறாந்தையில் மூடியுள்ள வாளியில் வைப்பது. திருவிழா முடிந்ததும் ஆட்டிறைச்சி காய்ச்சும் நாளில் கொழுப்புத் துண்டைப் போட வேண்டாம். சின்ன இன நாய்களில் திடீர்க் கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பும். விடாத சத்தி, முதுகை வளைத்து வயிற்றைப் பிடித்தபடி நிற்பது, சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்புவது இவற்றைக் கண்டால் அன்றே காட்ட வேண்டும்.

இந்த நாயின் எடை பதினாலாவது மாதத்தில் 3.0 கிலோவாக ஏறியிருந்தது. சமையல் அளவில் மாற்றமில்லை. விசாரித்ததில் காலையும் மாலையும் தேத்தண்ணியோடு வீட்டார் ஆளுக்கொரு மாரி பிஸ்கற் போட்டிருக்கிறார்கள், மொத்தம் நாலு. ஒரு பிஸ்கற் ஏறத்தாழ 25 கிலோகலோரி, நாலும் 100. இந்த நாய்க்கு நாள் முழுவதற்கும் 230 தான். இடைத்தீன் பத்திலொரு பங்கு அளவில் நிற்க வேண்டுமென்றால் ஒரு பிஸ்கற்றே ஏறத்தாழ எல்லை. ஒரு பிஸ்கற்றை எட்டாக உடைத்துப் போத்தலில் வைத்து, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அதுதான் அன்றைய பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். நாய்க்குக் கணக்குத் துண்டின் எண்ணிக்கைதான், அளவு அல்ல.

குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். உறைப்பைவிடப் பெரிய காரணம் வெங்காயம். உடல் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெங்காயமே நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கப் போதும். 2.6 கிலோவுக்கு அது 13 கிராம், சின்ன வெங்காயம் இரண்டு மூன்று. வேகவைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது, குழம்பில் கரைந்து வந்தாலும் வெங்காயம் வெங்காயம்தான். உள்ளி அதைவிடக் கடுமை. வலிகாமத்துத் திராட்சை வீட்டுக்கு வரும் காலத்தில் தரையில் விழுந்த பழத்தை உடனே பொறுக்கிவிட வேண்டும், அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சமைத்த கோழியெலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். “எலும்பில்தானே கல்சியம்” என்று இந்த ஆய்வைப் படித்தபின் யாரும் கோழிக் காலெலும்பைப் போட்டுவிடக் கூடாது.

பின்தொடர்வு

நோக் குறைந்தது இரண்டாம் கிழமை முடிவில். நாலாம் கிழமை எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் வெளிச்சுவர் தெளிவான வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, மடிப்பைச் சுற்றிப் புது எலும்பு கட்டியிருந்தது. எட்டாம் கிழமையில் எலும்பின் அடர்த்தி வயதுக்குரிய நிலையை எட்டியது. கூட்டிலிருந்து வெளியே விட்டபின் முதல் மாதம் பாய விடவில்லை. கதிரையின் முன் ஒரு படி வைக்கப்பட்டது.

பதினெட்டாம் மாதத்தில் எடை 2.65 கிலோ. ஓடுகிறது, நொண்டல் இல்லை. இடது தொடை எலும்பில் சிறு வளைவு நிலைத்துவிட்டது. இடுப்பின் ஒடுக்கமும் அப்படியே இருக்கிறது, சரிந்த எலும்பு சரிந்தபடியே இறுகிவிட்டது. ஆகவே இந்த நாய்க்கு ஆயுள் முழுவதும் மலம் இளக்கமாக இருக்க வேண்டும். பூசணி நாளுக்கு 20 கிராமிலிருந்து 30 ஆக்கப்பட்டது, தண்ணீர்க் கோப்பை இரண்டு இடத்தில் வைக்கப்பட்டது. ஒரு நாள் முழுவதும் மலம் போகாவிட்டால் காத்திராமல் கொண்டுவரச் சொல்லப்பட்டிருக்கிறது. முட்டைக் கோதுத் தூள் போத்தலில் வீட்டார் ஒட்டிய கடதாசியில் இருப்பது ஒரே வரி: கிழமைக்கு 5 கிராம்.